குட்டையில் போட்ட வாகை

எனக்குக் கோவம் வந்தா கை தானா கோடாரியத் தேடும். தப்பா நெனைக்காதீங்க, மனுசன் மேல ஒரு நாளும் ஓங்கினதில்ல, மரத்து மேலதான். வீட்ல சண்டைன்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு வண்டி சவுக்கு பொளந்து கெடக்கும். தெருவுல போறவன், "இன்னாண்ணா, வெறகு இவ்ளோ கீது, ஊட்ல அண்ணி எதனா சொல்ட்டாங்களா?"ன்னு கேட்டுட்டு சிரிப்பான். சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தக் கோவந்தான் எனக்கு சோறு போட்டுச்சு. அதே கோவந்தான் அந்தச் சோத்துல மண்ணையும் அள்ளிப் போட்டுச்சு. அதத்தான் எழுதப் போறேன், யாரும் என்னப் பாத்துப் பாவப்படறதுக்காக இல்ல.

சென்னீர்குப்பத்துல, பெங்களூர் ரோட்டுலேர்ந்து உள்ள திரும்பினா, நாலு பக்கமும் அடுக்குமாடி, நடுவுல துருப்பிடிச்ச தகரக் கொட்டகை ஒண்ணு தெரியும். அதுதான் என் எடம். முன்னாடி வெறகு விக்கற தொட்டி, பின்னாடி மரம் அறுக்கற மெஷின். எங்கப்பா அடுத்தவன் வயல்ல கூலிக்குப் போயிட்டிருந்தவரு. வேலிகாத்தான் முள்ளு மண்டி எவனும் சீந்தாத நெலம்ங்கறதாலதான் அது அவரு கைக்கு வந்துச்சு. அந்த முள்ள வெட்டிக் காயவெச்சு, தலைச்சுமையா பூந்தமல்லி வரைக்கும் கொண்டுபோயி வித்தோம். முள்ளு ஒழிஞ்ச எடத்துல வேம்பு, புளி, பூவரசு, வாகைன்னு வெச்சோம். அதுங்க வளந்ததும் நான் மெஷின் போட்டேன். மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி கோடாரி புடிச்சவன், மீசை நரைச்சும் புடிச்சிட்டிருக்கேன். தோள்பட்டை ரெண்டும் போச்சு. வலது கைல ரெண்டு வெரல் முழுசா மடங்காது.

இப்ப என்கிட்ட வர்ற ஆளுங்கள சொன்னா சிரிப்பீங்க. வெறகடுப்பு பிரியாணின்னு போர்டு மாட்டினவங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மாடி வீட்டு ஐடி பசங்க. "அங்கிள், டீ வெக்கற டேபிளுக்கு ஒரு துண்டு வேணும், பட்டையோட குடுங்க, நேச்சுரலா இருக்கணும்"ங்கறாங்க. நாப்பது வருசமா நான் சீவிக் குப்பைல போட்ட பட்டைக்கு இப்ப மவுசு. அந்தப் பசங்களோட அசோசியேசன்லேர்ந்துதான், மெஷின் சத்தம் தாங்கலன்னு எனக்கு லெட்டரும் வரும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சத்தம் வந்தாச்சு சாமின்னு சொல்லியனுப்புவேன்.

எனக்கு ஒரே தம்பி. நாலு வயசு சின்னவன். அப்பா போனதுக்கு அப்புறம் நெலத்த ரெண்டாப் பிரிச்சோம். மரங்களும் கொட்டகையும் எனக்கு. பின்னாடி இருந்த குட்டையும், அதுக்குப் பக்கத்துல அவன் கட்டின வீடும் அவனுக்கு. நடுவுல ஒரு குட்டிச் சுவரு, அவ்ளோதான். அவனுக்குக் கோடாரி ஒத்துவரல. திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். வாடகை ஆட்டோ. வாய்தான் அவனுக்கு மூலதனம். எனக்கு எவ்ளோ கோவமோ அவனுக்கு அவ்ளோ நக்கல். ரெண்டும் ஒரே வயித்துலேர்ந்து வந்துச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

சுவரு ஓரத்துல, என் பக்கம், ஒரு வாகை மரம். நேரா, கணுவே இல்லாம, ரெண்டு ஆள் கட்டிப்புடிக்கற அளவுக்கு. எவ்வளவோ பேரு கேட்டாங்க, தரல. என் பொண்ணு அதுல கயிறு கட்டி ஊஞ்சலாடுவா. அவகிட்ட சொல்லியிருந்தேன்: "நீ என்னிக்கு வீடு கட்டினாலும் அந்த வீட்டுக்கு வாசக்கா இந்த மரந்தான். நைனா கையால அறுத்துத் தருவேன்." ஊரு வீட்டுக்கெல்லாம் நெலையும் கதவும் அறுத்துக் குடுத்தவன் சொந்தப் பொண்ணுக்கு செய்யலன்னா எதுக்கு அந்த மெஷின்? அவளும் அத நெஞ்சுல எழுதி வெச்சுகிட்டா. மரத்தத் தட்டிக் காட்டி, "இது என் வாசப்படி"ன்னு சிநேகிதிங்ககிட்ட சொல்லுவா.

அவ பத்தாவது படிச்சிட்டிருந்த வருசம், ஒரு நாள் தம்பி சுவத்து மேல சாஞ்சு நின்னுகிட்டு ஆரம்பிச்சான். "அண்ணாத்தே, பாதி கெளை எம் பக்கந்தான் கீது. எலையெல்லாம் நான்தான் பெருக்கறேன். வேரு உனுக்கு, கெளை எனுக்கு. நாளிக்கு வாசக்கா அறுக்க சொல்ல மேல்சட்டம் என்னுது."

வெளையாட்டுதான். இன்னிக்குத் தெரியுது. அன்னிக்குத் தலைக்கு ஏறிடுச்சு. மறுநாள் காலைலயே மரத்த வெட்டிட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். மரத்த எப்பவும் தேய்பிறையிலதான் வெட்டணும். வளர்பிறையில மரத்துக்குள்ள தண்ணி ஏறி நிக்கும், அப்ப வெட்டினா வண்டு புடிச்சு ஆறே மாசத்துல உளுத்து மாவாக் கொட்டும். எங்க தொழில்ல இது அஆ மாதிரி. பௌர்ணமிக்கு மூணு நாள் இருக்கு. அது தெரிஞ்சேதான் வெட்டினேன். மரம் சாஞ்சு, தூசி அடங்கி, கைல இருந்த கோடாரியக் கீழ போட்டப்பதான் என்ன செஞ்சேன்னு ஒறைச்சுது. என் பொண்ணு ஸ்கூல் பையோட நின்னு பாத்துட்டிருந்தா. அப்படியே பஸ்ஸுக்குப் போயிட்டா.

வளர்பிறையில வெட்டின மரத்தக் காப்பாத்த ஒரே வழிதான். தண்ணிக்குள்ள போடணும். ஒரு வருசம், ஒண்ணரை வருசம் ஊறினா அதுக்குள்ள இருக்கற சாறெல்லாம் எறங்கிடும், அப்புறம் வண்டு எட்டிப் பாக்காது. தண்ணி எங்க இருக்கு? அவன் குட்டைல. வெக்கத்த விட்டுப் போயி கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான். "எம் மேல கீற கோவத்துல வெட்டினு, எங் குட்டைலயே ஊறப் போட வர்றியா? போடு, போடு." லுங்கிய மடிச்சுக் கட்டிகிட்டு அவனே கூட எறங்கி உருட்டினான். மூணு கட்டை. ஒவ்வொண்ணோட தலையிலயும் என் அடையாளமா கோடாரியால மூணு வெட்டுப் போட்டேன். கட்டைங்களுக்கு நைலான் கயிறு கட்டி, கரையில இருந்த பனைமரத்தோட சேத்து முடிஞ்சேன். பச்சை மரம் மொதல்ல மெதக்கும். தண்ணி குடிக்கக் குடிக்க அடிக்குப் போயி சேத்துல உக்காந்துடும். திரும்ப எடுக்கறதுக்குத்தான் கயிறு.

அது தை மாசம். ஆடி மாசம் ஒரு காலைல போயிப் பாத்தா கயிறு அறுந்து கெடக்கு. அறுந்துன்னா இத்துப் போயி இல்ல, கத்தி வெச்சு அறுத்த மாதிரி சுத்தமா. குட்டை முழுக்க ஆகாயத்தாமரை. கட்டை ஒண்ணும் கண்ணுல படல. அதே வாரந்தான் தம்பி சொந்தமா ஒரு பழைய ஷேர் ஆட்டோ வாங்கி மாலை போட்டு ஓட்டிட்டு வந்திருந்தான். வாகைய வித்துட்டான். அதுல வந்த துட்டுலதான் ஆட்டோ. என் மண்டைக்குள்ள அப்படியே கணக்கு முடிஞ்சு போச்சு.

ஒரு மூங்கில் கழிய எடுத்துத் தண்ணிக்குள்ள குத்திப் பாத்திருந்தா போதும். ஊறின மரம் அடியில இருக்கும்னு சின்னப் புள்ளைக்கும் சொல்லிக் குடுத்தவன் நானு. என் தலையெழுத்து, அன்னிக்கு அந்தப் புத்தி எனக்கு வரல.

அன்னிக்குத் தெருக்கோடி அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. வருசா வருசம் தம்பிதான் அண்டா பக்கம் நின்னு ஊத்துவான். பொம்பளைங்க, பசங்கன்னு எல்லாரும் சொம்போட வரிசைல நிக்கறாங்க. நான் நேராப் போயி, "திருட்டுப் பய ஊத்தற கூழ எவனும் குடிக்காதீங்க"ன்னு கத்தினேன். "பொண்ணு வாசக்காவுக்குப் போட்ட மரத்த வித்துத் தின்னவன் இவன். இனிமே இவன் எந் தம்பியே இல்ல."

வாழ்நாள்ல மொதல் தடவையா அவன் வாய்லேர்ந்து நக்கல் வரல. கரண்டிய அண்டா மேல வெச்சான். தோள்ல இருந்த துண்ட ஒதறிப் போட்டுகிட்டு வீட்டுக்கு நடந்தான். வரிசைல நின்னவங்களுக்கு அப்புறம் வேற யாரோ ஊத்தினாங்க.

"சித்தப்பா அப்டி செய்ய மாட்டாரு நைனா, ஒரு தபா கேட்டுப் பாரேன்"னு என் பொண்ணு சொன்னா. வாய மூடுன்னேன். அவ பன்னெண்டாவது முடிச்சா, காலேஜ் முடிச்சா, கல்யாணமும் ஆச்சு. அந்தக் கல்யாணத்துக்கு அவன கூப்பிடல. தாலி கட்டற நேரத்துல அவ மண்டப வாசலயே பாத்துட்டிருந்தத நான் பாத்தேன், பாக்காத மாதிரி இருந்தேன். அவன் பேர சொல்றத விட்டேன். குட்டைக்காரன்னுதான் சொல்லுவேன். குட்டிச் சுவத்து மேல தகரம் வெச்சு ஆள் ஒசரத்துக்கு ஏத்திட்டேன்.

சண்டைக்கு ரெண்டு வருசம் கழிச்சு அவன் குட்டைய மனை போடறவன்கிட்ட வித்தான். ரொப்பறதுக்கு இடிச்ச வீட்டு ரப்பீசு ஏத்திகிட்டு லாரிங்க வந்துச்சு. எதுக்கோ தெரியல, ரெண்டு நாளா கொட்டாம சந்துல வரிசையா நின்னுட்டிருந்துச்சுங்க. என் வெறகு வண்டி உள்ள வர முடியல. எனக்கு வந்துச்சே கோவம். போயி லாரியப் படபடன்னு தட்டி, "எவன் குட்டையா இருந்தா எனக்கின்னாடா, சீக்கிரம் கொட்டிட்டு வண்டிய எடுங்கடா"ன்னு சத்தம் போட்டேன். தம்பி அந்தப் பக்கம் கரையில நின்னுட்டிருந்தான். காதுல விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்துல டிரைவருக்குக் கை காட்டினான். கொட்ட ஆரம்பிச்சாங்க.

பொண்ணும் மாப்பிள்ளையும் காட்டுப்பாக்கத்துல பிளாட் வாங்கினாங்க. கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். வாசக்கா ஏதோ தூள அமுக்கிச் செஞ்சு பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்டினது. வெரலால தட்டினா டொக்குடொக்குங்குது. அவ என் கைய புடிச்சு, "விடு நைனா"ன்னா. நான் அங்கயும் அவனத்தான் திட்டினேன். சாப்பிடாம வந்துட்டேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி அவன் செத்தான். நெஞ்சு வலி. இப்ப சொல்லப் போறத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க தெருவுல ஒரு சாவுன்னா வெறகு எங்க தொட்டிலேர்ந்துதான் போகும், அப்பா காலத்துலேர்ந்து. யாரும் வாய் தொறந்து கேக்க மாட்டாங்க. வீட்டு ஆள் ஒருத்தர் எங்க தொட்டி கேட்டுக்கு முன்னாடி வந்து நிப்பாங்க, நான் தலையாட்டுவேன், வண்டி ஏத்துவோம். எடை போடறதும் இல்ல. எதிரி வீட்டுக்கும் அப்படித்தான் அனுப்பியிருக்கேன். அன்னிக்கு மட்டும் காலைல கேட்ட உள்பக்கமாப் பூட்டிட்டு, வெறகு அட்டிக்குப் பின்னாடி உக்காந்துட்டேன். யாரோ வந்து கேட்ட ஆட்டின சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை. நான் அசையல. பறைச்சத்தம் எங்க சுவரத் தாண்டிப் போயி, தேஞ்சு, நின்னுச்சு. எம் பொண்டாட்டி பின்வழியாப் போயி அழுதுட்டு வந்தா. "வெறகு பூந்தமல்லிலேர்ந்து வாங்கினு வந்தாங்க"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு மாசம் அவ என்கிட்ட சரியாப் பேசல.

ரொப்பின குட்டை அத்தனை வருசம் காலி மனையாத்தான் கெடந்துச்சு. இந்த வருசந்தான் கட்டடம் கட்டறேன்னு தோண்டினாங்க. ஒரு நாள் தோண்டற மெஷின் ஓட்டறவன் என் கேட்டுக்கு வந்தான். "அண்ணாத்தே, நீ மரக்காரன்தானே? அடியில மூணு பெரிய கட்டை மாட்டிகினு கீது. வந்து பாரு, வேணும்னா எட்த்துக்க."

தகரத்தச் சுத்திகிட்டுப் போனேன். பள்ளத்து ஓரமா மூணு கட்டை, கருப்பா, சேறு வழிய. ஒண்ணோட தலைய என் லுங்கியால தொடைச்சேன். மூணு வெட்டு. நான் போட்ட வெட்டு. கயித்துத் துண்டு கூட கட்டின எடத்துலயே சுத்தியிருந்துச்சு.

ஐயோன்னு தலைல அடிச்சுகிட்டு அங்கயே உக்காந்துட்டேன். ஓட்டறவன் பயந்துட்டான், தண்ணி பாட்டில் குடுத்தான்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். பதினாறு வருசம் கழிச்சு. தம்பி பொண்டாட்டி வாசல்ல கீரை ஆஞ்சுட்டிருந்தா. என்னப் பாத்ததும் எழுந்து நாற்காலி போட்டா, அந்த மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. மரம் கெடச்ச விசயத்த சொன்னேன். தண்ணிக்கு அடியிலயேதான் இருந்துச்சும்மான்னேன். அவ ஆச்சரியப்படல.

"தெரியும் மாமா"ன்னா. "கயித்த அறுத்தது நான்தான். எங்க மாடு கால்ல சுத்திகினு கரையில வுழுந்துடுச்சு. அருவாமனையால அறுத்து உட்டேன். கட்டை அடியிலதான் கீது, அண்ணாத்தைகிட்ட அப்பால சொல்லிக்கலாம்னு அவரு சொன்னாரு. மறுநாளு நீங்க கூழு ஊத்தற எடத்துல வந்து பேசிட்டீங்க."

"அப்பவே சொல்லக் கூடாதாம்மா?"

"நான் சொல்றேன்னேன் மாமா. உடல. 'திருடன்னு சொல்ட்டான்ல, திருடனாவே இருந்துட்டுப் போறேன். ஒரு தபா வந்து கேக்கட்டும், நானே எறங்கி எட்த்துத் தரேன்'னாரு. குட்டைய ரொப்பறப்ப கூட லாரிய ரெண்டு நாளு நிறுத்தி வெச்சாரு. அண்ணாத்தைக்கு மனசு கேக்காது, வருவாருன்னு. நீங்க வந்தீங்க. சீக்கிரம் கொட்டுங்கடான்னு லாரிக்காரன சொல்லிட்டுப் போனீங்க."

அவ மறுபடி உக்காந்து கீரைய எடுத்தா.

"அந்த மரத்துல ஒரு வாசக்கா அறுத்துத் தரேன்"னேன். "உங்க வீட்டுக்கு. நான் செய்யறேம்மா."

"எங்களுக்கு எதுக்கு மாமா?"ன்னா, தலைய நிமிராமயே. "அவரு உள்ள வர்றதுக்கா?"

நான் எழுந்து வந்துட்டேன். அவ கத்தியிருந்தா, மண்ணை வாரித் தூத்தியிருந்தா, கொஞ்சம் பரவால்லாம இருந்திருக்கும்.

பொண்ணுக்கு போன் போட்டு சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல நைனா"ன்னா. வாசக்கா அறுக்கட்டுமான்னு கேட்டேன். பிளாட்டுல இருக்கறத ஒடைக்க விட மாட்டாங்க, வேணாம்னுட்டா. அப்புறம், கொழந்தை அழுவுதுன்னு வெச்சுட்டா. கொழந்தை சத்தம் எனக்குக் கேக்கல.

மூணு மாசம் நெழல்ல கெடத்தி ஈரத்த எறக்கி, மெஷின்ல ஏத்தினேன். ஒரு பூச்சி ஓட்டை இல்ல. உள்ள அப்படியே கரும்பழுப்பு, ரேகை ரேகையா. இத்தனை வருசத்துல இப்படி ஒரு மரத்த நான் அறுத்ததில்ல. எவனுக்குன்னு தெரியாமயே அறுத்தேன். எழைச்சேன். நாலு சட்டத்தையும் கூட்டி ஆப்பு அடிச்சு, தொட்டிக்குள்ள தகரத்து மேல சாச்சு வெச்சிருக்கேன். மேல்சட்டத்துக்கு, தம்பி தனக்குன்னு கேட்டானே, அந்தக் கெளைப் பக்கத்துக் கட்டையையே போட்டேன்.

போன வாரம் மாடி வீட்டுப் பையன் ஒருத்தன் டேபிளுக்குத் துண்டு பாக்க வந்தான். வாசக்கால பாத்துட்டு அங்கயே நின்னுட்டான். தடவித் தடவிப் பாத்தான்.

"செமையா இருக்கு அங்கிள். யாரோடது?"

"எந் தம்பிது"ன்னேன். அந்த வார்த்தை என் வாய்லேர்ந்து வந்து பதினாறு வருசம்.

"ஓ, ஆர்டரா. எப்ப வந்து எடுத்துட்டுப் போவாரு?"

நான் போயி மெஷின போட்டேன்.